இருதய நிறுத்தமும் எல்லைப்புறத் தமிழரும்

நேற்றுவரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று சாய்ந்து விழுந்து உயிர் நீத்தார் என்னும் செய்தி இன்று நம் காதுகளுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நடிகர் விவேக் தம் 59ஆம் வயதில் காலமானபோது தமிழுலகம் திகைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கன்னடத் திரையுலகின் புனீத் ராஜ்குமார் 46ஆம் வயதில் மறைந்தபோது, கருநாடகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அந்தத் துயரம் எதிரொலித்தது. இத்தகைய இறப்புகளைப் பற்றி நம்மிடையே அச்சம் மிகுதியாகவும் விளக்கம் குறைவாகவும் இருக்கின்றன. இருதயம் ஏன் நிற்கிறது, யாருக்கு நிற்கிறது, நின்றபின் அருகில் இருப்போர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு மருத்துவ உலகம் கண்டுள்ள விடைகளை இங்கே சுருக்கமாகக் காண்போம். பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப்புறத்தை நம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தம் தாய்மொழி வழங்கும் மாநிலத்துக்கு வெளியே வாழ்கின்ற தமிழர் பெருந்தொகையினராக உள்ள பகுதி அது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு உயிருக்கே விலையாகிவிடக்கூடிய பகுதியும் அதுவே.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நம் செய்தித்தாள்கள் திடீர் இறப்பு எதனையும் ‘மாரடைப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றன. எல்லைக்கு அப்பாலுள்ள மலையாளத்தில் இதற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. ‘ஹிருதயாகாதம்’ என்பது ஒன்று. ‘ஹிருதயஸ்தம்பனம்’ என்பது மற்றொன்று. முன்னது மாரடைப்பு; பின்னது இருதயம் இயக்கமற்று நின்றுவிடுதல். இந்த வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரியதன்று. நாம் செய்ய வேண்டிய உதவியே இதனால் மாறுபடுகிறது.

வயலையும் கிணற்றையும் நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வாய்க்கால் ஓரிடத்தில் அடைபட்டால், அதன் கீழுள்ள பாத்தி நீரின்றி வாடும். பிற பாத்திகளுக்கு நீர் பாய்ந்துகொண்டிருக்கும். கிணற்று மோட்டாரே நின்றுவிட்டாலோ தோட்டம் முழுவதற்கும் நீரில்லை. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களில் ஒன்று அடைபடுவது மாரடைப்பு. அப்போது நோயாளி வலியால் துடிப்பார், வியர்ப்பார், பேசுவார். அவருடைய நாடி ஓடிக்கொண்டிருக்கும். இருதய நிறுத்தத்திலோ இருதயத்தை ஒழுங்காகச் சுருங்கச் செய்யும் மின்னோட்டம் குழம்பிவிடுகிறது. தசை சுருங்கி விரியாமல் புழுக்கூட்டம் நெளிவதுபோல் வெறுமே துடிக்கிறது. அல்லது அசைவற்று நின்றுவிடுகிறது. மூளைக்கு இரத்தம் செல்வது அக்கணமே அறுபடுவதால், பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் நினைவு தப்புகிறது. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைக்குக் கேடு நேரத் தொடங்குகிறது.

இவ்விரண்டும் வேறு வேறு நிகழ்ச்சிகளாயினும் உறவுடையவை. மாரடைப்பு இருதய நிறுத்தத்துக்கு இட்டுச்செல்லக்கூடும். பெரியவர்களிடம் காணும் இருதய நிறுத்தங்களில் பெரும்பகுதிக்கு அடிப்படை, இருதய நாளங்களில் கொழுப்புப் படிந்து குறுகும் நோயே ஆகும். ஆதலின் மாரடைப்பைத் தடுக்கும் வழிகள் பெரும்பாலும் இருதய நிறுத்தத்தையும் தடுக்கும் வழிகளாகின்றன.

எண்கள் கூறும் செய்தி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் இருதய, இரத்தநாள நோய்களால் இறந்தவர் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் பேர். உலகில் அவ்வாண்டு நேர்ந்த இறப்புகளில் இது 100க்கு 32 பங்கு. இவற்றுள் திடீரென நேர்ந்தவை எத்தனை என்று இந்தியாவில் கணக்கிடுவது எளிதன்று. நம் நாட்டில் வீட்டிலேயே உயிர் பிரிவோர் பலர். அவர்களுக்கு மருத்துவச் சான்றோ பிணப் பரிசோதனையோ இருப்பதில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர் வீடு வீடாகச் சென்று, இறப்பு நேர்ந்த விதத்தை உறவினரிடம் கேட்டறிந்து முடிவு செய்யும் முறையைக் கையாளுகின்றனர். ஆந்திர நாட்டில் அவ்வாறு நடத்தப்பெற்று 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இறந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இருதயத் திடீர் நிறுத்தத்தால் இறந்தனர் என்று கண்டது. அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழ 60. மேலை நாடுகளில் இத்தகைய இறப்பு இதற்குச் சில ஆண்டுகள் பிந்தியே நேர்கிறது.

நோய் நம்மை முந்திக்கொண்டு வருகிறது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதன்முறை மாரடைப்பு வந்தோரின் வயதை ஒப்பிட்டுப் பார்த்தனர். தெற்காசிய மக்களின் இடைநிலை வயது 53. பிற நாட்டு மக்களுக்கு அது ஏறத்தாழ 59. ஆறு ஆண்டுகள் என்பது சிறிய இடைவெளியன்று. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முடியாத வயதில், குடும்பத்தைத் தாங்கும் தூண் சரிகிறது என்பதே இதன் பொருள்.

கேரளத்தின் நிலை தனிக் கவனத்துக்குரியது. குழந்தை இறப்பைக் குறைத்து நீண்ட ஆயுளை எய்துவித்த மாநிலம் என்று நாடு போற்றும் அதே மாநிலத்தில், இருதய நோயும் விரைந்து பெருகியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த நாட்டுப்புறத்தில் ஆராய்ந்தபோது, ஐயத்துக்கிடமின்றி இருதய நாள நோய் உடையோர் 100க்கு ஏறத்தாழ 1.4 பேர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் மூன்று மாவட்டங்களில் ஆராய்ந்தபோது இது 3.5ஆக உயர்ந்திருந்தது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் இணைந்து நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் 100க்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு, கேரளத்திலோ 25.5 பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, உண்டு.

நோய் வந்தபின் மக்கள் எவ்வளவு விரைவாக மருத்துவமனையை அடைகின்றனர் என்பதையும் கேரளமே நமக்குக் கணக்கிட்டுக் காட்டியது. 2007 முதல் 2009 வரை அம்மாநிலத்தின் 125 மருத்துவமனைகளில் மாரடைப்பும் அதனையொத்த நிலைகளும் கொண்டு சேர்க்கப்பட்ட 25,748 பேரின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. நாளம் முற்றிலும் அடைபட்ட வகை மாரடைப்புடையோருள் 100க்கு ஏறத்தாழ 40 பேர், வலி தொடங்கி ஆறு மணி நேரம் கழிந்த பின்னரே மருத்துவமனை வாயிலை மிதித்தனர். சாலைகளும் மருத்துவமனைகளும் மலிந்த மாநிலத்தின் நிலையே இதுவெனின், மலைச்சரிவில் வாழ்வோரின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

எல்லைப்புறத்தின் இயல்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பின்னர் 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் தோன்றியது. மூணாறு, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலைப் பகுதியின் ஏலக்காட்டிலும் உழைக்கும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றனர். பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி முதலிய ஊர்களிலும், வாளையாற்றிலும், அட்டப்பாடியிலும் தமிழ் வழங்குகிறது.

ஆயினும் இரு பகுதிகளும் ஒரு தன்மையன அல்ல. பாலக்காட்டுக் கணவாய் சமவெளி. வாளையாற்றிலிருந்து கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ வண்டி தடையின்றி ஓடும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சியும் தொலைவிலில்லை. அங்கு இடர் தருவது கோடையின் வெம்மை. கணவாயில் வெயில் 40 பாகையை எட்டும் நாட்களில் உடலின் நீரும் உப்பும் குறைந்து இரத்தம் தடித்துப்போகிறது. தளர்ந்த இருதயத்துக்கு அது கூடுதல் சுமையாகிறது. இடுக்கியின் நிலை வேறு. மூணாற்றிலிருந்து தேனிக்குச் செல்ல வேண்டுமானால் போடிமெட்டில் ஏறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிக்கு இறங்க வேண்டும். குமுளியிலிருந்தும் கம்பம்மெட்டிலிருந்தும் கம்பத்துக்கு இறங்கும் சாலைகளும் மலைச்சாலைகளே. மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் வழி சின்னார் வனவிலங்குச் சரணாலயத்தினூடே செல்கிறது. மேற்கே இறங்கினால் அடிமாலி, கோதமங்கலம் வழியாக நெடுந்தொலைவு. மழைக்காலத்தில் மண்சரிவு இவ்வழிகளை அடைத்துவிடுவதும் உண்டு.

இருதய நிறுத்தத்தின் கணக்கு நிமிடக் கணக்கு. நெஞ்சை அழுத்தும் உதவியோ மின் அதிர்வுச் சிகிச்சையோ கிட்டாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பில் 100க்கு 7 முதல் 10 பங்கைக் குறைத்துவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டால் எஞ்சுவது மிகச் சொற்பம். எந்த மலைச்சாலையிலும், எத்தனை திறமை வாய்ந்த ஓட்டுநராயினும், பத்து நிமிடத்தில் நோயாளியைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க இயலாது. ஆகவே எல்லைப்புறத்தில் இருதய நிறுத்தத்தை வெல்லும் வழிகள் இரண்டே. அது நேராமல் முன்னரே தடுப்பது ஒன்று. நேர்ந்தால் அருகிலிருப்பவரே முதல் மருத்துவராவது மற்றொன்று.

யாருக்கு வரும்?

முன்னர்க் குறிப்பிட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, உலக முழுவதிலும் மாரடைப்பின் பெரும்பகுதிக்கு ஒன்பது காரணங்களே பொறுப்பு என்று நிறுவியது. புகையிலை, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகியவையே அவை. இவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் நாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை என்பது ஆறுதல் தரும் செய்தி.

இவற்றை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குளிருக்கு இதமென்று பீடி புகைப்பதும், வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வதும் மலைத்தோட்டங்களில் பழக்கமானவை. வாயிலிட்டு மெல்லும் புகையிலை நுரையீரலைத் தொடுவதில்லை என்பதால் தீங்கற்றது என்று எண்ணுவோர் உளர். அது இருதயத்துக்கும் கேடு செய்வதே. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்பை மிகுவித்து இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகுப் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் பெண்களின் இரத்தநாளங்களும் பாதிக்கப்படுகின்றன. கொழுந்து பறிக்கும் காலம் முழுவதும் மலையேறி இறங்கியவர், ஓய்வு பெற்றபின் அதே அளவு சோற்றை உண்டு ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால், சில ஆண்டுகளில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்துவிடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியோடு வருவதில்லை. அளந்து பார்த்தாலன்றி அவை உடலில் குடிகொண்டிருப்பது தெரியாது.

முன்னர் ஒருமுறை பெரிய மாரடைப்பு வந்து இருதயத்தின் இறைக்கும் ஆற்றல் வெகுவாகக் குன்றியிருப்போர்க்கு, இருதய நிறுத்தத்தின் அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம். அவர்களுள் தக்கவர்க்கு, மார்புத் தோலின் கீழ்ச் சிறு கருவியொன்றைப் பொருத்துகின்றனர். துடிப்பு குழம்பும்போது அக்கருவி தானாகவே மின் அதிர்வு தந்து இருதயத்தை நேர்செய்யும். சிறுநீரக நோயால் இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு ஏறினாலும் இருதயம் நின்றுவிடக்கூடும்.

இளைஞரிடம் காணும் இருதய நிறுத்தத்துக்குக் காரணங்கள் வேறு. இருதயத் தசை பிறவியிலேயே தடித்திருத்தல், அதன் மின்னோட்டத்தில் உள்ள பரம்பரைக் குறைபாடு, கிருமியால் இருதயத் தசை அழற்சியுறுதல் முதலியன அவற்றுள் அடங்கும். மதுரை, ஐதராபாத் நகரங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அயல்நாட்டறிஞரோடு கூடி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. இருதயத் தசையை ஆக்கும் புரதமொன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் குறை, தெற்காசிய மக்களுள் 100க்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளதென்றும், அது இருதயத் தசை நோயின் வாய்ப்பை மிகுவிக்கிறதென்றும் அது கண்டது. இக்குறையுடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. எனினும் குடும்பத்தில் யாரேனும் இளவயதில் காரணம் தெரியாமல் மாண்டிருந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஒருமுறையேனும் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

பெருந்தொற்றுக்குப் பின் இளைஞர் திடீரென இறப்பதைக் கண்ட மக்கள், தடுப்பூசியையே காரணமாகக் கருதி அஞ்சினர். இதனை ஆராய, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நாடெங்கும் 47 மருத்துவமனைகளின் வாயிலாக ஓர் ஆய்வை மேற்கொண்டது. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை திடீரென இறந்த, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட 729 பேரின் விவரங்களை, அவர்களையொத்த 2,916 பேரோடு அது ஒப்பிட்டது. தடுப்பூசி இறப்பின் வாய்ப்பைக் கூட்டவில்லை. இரு தவணை போட்டுக்கொண்டோரிடம் அது குறைந்தே காணப்பட்டது. வாய்ப்பைக் கூட்டியவை எவையெனில், முன்னர்க் கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தமை, குடும்பத்தில் திடீர் இறப்பு நேர்ந்திருந்தமை, இறப்பதற்கு முந்திய 48 மணி நேரத்துக்குள் மிதமிஞ்சிக் குடித்தமை, போதைப்பொருள், அதே நேரத்துக்குள் மேற்கொண்ட கடும் உடலுழைப்பு ஆகியவை.

கடும் உழைப்பு என்றதும், உடற்பயிற்சியே கூடாதோ என்னும் ஐயம் எழலாம். நாள்தோறும் நடந்து பழகியவரின் இருதயம் காக்கப்படுகிறது. பழக்கமில்லாதவர் ஒரே நாளில் பெருமுயற்சி செய்யும்போதுதான் இடர் நேர்கிறது. சபரிமலை யாத்திரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக ஆண்டுதோறும் தமிழன்பர்கள் திரளாகச் செல்கின்றனர். பம்பையிலிருந்து சந்நிதானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ஆனால் நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்தான ஏற்றங்கள். அவ்விடங்களில் கேரள அரசு இருதய அவசரச் சிகிச்சை நிலையங்களை அமைத்திருப்பதே அந்த ஏற்றத்தின் கடுமைக்குச் சான்று. ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தவர், விரதம் தொடங்கும் நாளிலிருந்தே தினமும் நடைபழகுதல் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உண்ணும் மாத்திரைகளை விரதத்தின் பெயரால் நிறுத்தலாகாது. ஏறும்போது மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் அங்கேயே அமர்ந்து உதவி கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

‘வாயு’ என்னும் மயக்கம்

மாரடைப்பு நேர்ந்த முதல் சில மணி நேரத்திலேயே இருதயம் நின்றுவிடும் அபாயம் மிகுதி. அந்நேரத்தை நாம் எவ்வாறு கழிக்கிறோம்? நெஞ்சில் கனமும் வியர்வையும் தோன்றியவுடன் ‘வாயுப் பிடிப்பு’ என்று கூறி ஓமத்தண்ணீரோ இஞ்சிச் சாறோ சோடாவோ அருந்திவிட்டுப் படுத்துக்கொள்வது நம்மிடையே பெருவழக்கு. நெஞ்சின் நடுவே பாறையை வைத்தாற்போன்ற அழுத்தம், இடத்தோளுக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமற்ற மூச்சுத் திணறல் ஆகியன கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அதை வாயுவென்று தள்ளிவிடலாகாது. பெண்களுக்கும் நீரிழிவு உடையோர்க்கும் வலியே இன்றிக் களைப்பும் குமட்டலும் மட்டும் தோன்றுவதும் உண்டு.

அவ்வேளையில் செல்ல வேண்டியது இ.சி.ஜி. எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கே. பெயர்பெற்ற பெரிய மருத்துவமனையை நாடி மூன்று மணி நேரம் பயணம் செய்வதைவிட, அருகிலுள்ள இடத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்திக்கொண்டு, பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதே மலைநாட்டாருக்கு ஏற்ற முறை. இதன் பயன் தமிழ்நாட்டிலேயே சோதித்தறியப்பட்டது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு வலைபோல் பிணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய திட்டத்தின் முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் 100க்கு 17.6 என்றிருந்தது, 14.2ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு 2023ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும், நெஞ்சுவலியோடு வருவோர்க்கு முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இரண்டு கைகளின் வல்லமை

எல்லா முயற்சிகளையும் மீறி ஒருவரின் இருதயம் நின்றுவிட்டால் அடையாளம் காண்பது எப்படி? அழைத்தாலும் தோளைத் தட்டினாலும் அசைவில்லை. இயல்பான மூச்சும் இல்லை. இவ்விரண்டும் போதும். முதல் நிமிடங்களில் மீன் நீரை விட்டு வெளியே வந்தாற்போல், இடைவிட்டு வாயைத் திறந்து காற்றை இழுக்கும் தோற்றம் சிலரிடம் காணப்படும். ‘மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று நாம் ஆறுதல் கொள்வோம். அது மூச்சன்று, இருதயம் நின்றதன் அடையாளமே. கைகால்கள் சற்றே வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே வலிப்பென்று கருதிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பர், வாயில் நீரை ஊற்றுவர், உள்ளங்காலைத் தேய்ப்பர். இவற்றால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாவதன்றி வேறு பயனில்லை. நினைவற்றவர் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

செய்ய வேண்டுவது இது. ஒருவர் 108 எண்ணை அழைக்க வேண்டும். மற்றொருவர், நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கெட்டியான தரையில் மல்லாத்திக் கிடத்தி, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் தம் உடற்பாரம் முழுவதும் இறங்குமாறு அழுத்த வேண்டும். மார்பு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே செல்ல வேண்டும், 6ஐ மிஞ்சலாகாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ இருமுறை, இடைவிடாமல் செய்ய வேண்டும். இது கடும் உழைப்பாதலால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வது நல்லது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. முறிந்த எலும்பு கூடும், போன உயிர் மீளாது. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவோர்க்காகவே, நெஞ்சை அழுத்துவது மட்டும் போதும் என்னும் எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தது. நீரில் மூழ்கியோர்க்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சூட்டலும் தேவை.

இம்முறை பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கௌவன்ஹோவன் என்னும் மின் பொறியியல் பேராசிரியர் தம் துணைவரோடு நாய்களிடம் மின் அதிர்வுச் சோதனை நடத்தினார். கனமான மின்வாய்களை மார்பின்மேல் அழுத்தும்போதெல்லாம் இரத்த அழுத்தம் சற்றே உயர்வதை நிக்கர்பாக்கர் என்னும் இளைஞர் கண்டார். மார்பைத் திறக்காமலே, வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஜூட் என்னும் அறுவை மருத்துவரும் சேர்ந்து 1960ஆம் ஆண்டில் இம்மூவரும் அதை உலகுக்கு அறிவித்தனர். கருவியோ மருந்தோ வேண்டாத ஒரு மருத்துவம் அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது.

அதன் பயனை 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் உலகமே கண்ணாரக் கண்டது. கோபன்ஹேகன் நகரில் டென்மார்க், பின்லாந்து நாடுகளின் பந்தாட்டத்துக்கிடையே எரிக்சன் என்னும் ஆட்டக்காரர் சுருண்டு விழுந்தார். திடலிலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்வு தந்து அவரை மீட்டனர். மார்பில் கருவி பொருத்தப்பெற்று அவர் மீண்டும் ஆடத் திரும்பினார். நம் நாட்டின் நிலையோ வருந்தத்தக்கது. வாரங்கல் நகர மருத்துவமனையொன்றில் இருதயம் நின்ற நிலையில் கொண்டுவரப்பட்டோரைக் கணக்கெடுத்தபோது, வழியிலோ வீட்டிலோ அருகிலிருந்தவர் நெஞ்சை அழுத்தி உதவியது 100க்கு இருவருக்கும் குறைவாகவே என்று தெரிந்தது. குறை மனமின்மையன்று, பயிற்சியின்மை.

நாம் செய்யக்கூடுவன

108 என்னும் அவசர ஊர்தி எண் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலும் கேரளத்தில் ‘கனிவ்’ என்ற பெயரில் 2019ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. எண் ஒன்றாயினும் கட்டுப்பாட்டு அறைகள் வேறு. எல்லையோரத்தில் கைப்பேசி அயல் மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வதுண்டாதலால், அழைப்பு அங்கே சென்றுவிடக்கூடும். ஆகவே அழைப்பவர் முதலில் மாநிலம், மாவட்டம், ஊர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுப் பின்னர்ச் செய்தியைக் கூறுவது நன்று. அருகிலுள்ள மருத்துவமனை, தோட்ட மருத்துவர், வாடகை வண்டி ஓட்டுநர் ஆகியோரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது ஐந்து நிமிட வேலை.

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பணிபுரிவோர் பலரின் பெற்றோர் இன்றும் இத்தகைய எல்லை ஊர்களில் தனித்து வாழ்கின்றனர். மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன், தந்தையின் இரத்த அழுத்தம் எவ்வளவு, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பதையும் தொலைபேசியில் கேட்டறிதல் வேண்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அடுத்த வீட்டு இளைஞர் இருவருக்காயினும் நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்பித்துவிட்டு வந்தால், அது பெற்றோருக்கு அளிக்கும் பெருங்காப்பு. நாம் வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் பல உள்ளன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அதே மேடையில், ஆண்டுக்கு ஒருநாள் மருத்துவர் ஒருவரை அழைத்து இப்பயிற்சியை நடத்துவது அவற்றுக்குக் கடினமன்று. அயலிடத்தில் நமக்கு உற்றார் அருகில் இல்லை. அடுத்த வீட்டாரே உற்றார். அவர் வீழ்ந்தால் நம் கைகளும், நாம் வீழ்ந்தால் அவர் கைகளும்தான் முதல் பத்து நிமிடங்களுக்குத் துணை. அக்கைகள் செயலறிந்த கைகளாக இருத்தல் வேண்டும்.